பாய்ச்சலும் பார்வையும்: குதிரைப்படையிலிருந்து டாங்கிப் படைக்கு வந்தவை

கேட்கப்பட்ட கேள்வி இது: “குதிரைப்படையின் வாரிசுதான் டாங்கிப் படை என்கிறார்களே, ரெஜிமென்ட்களின் பெயரைத் தவிர வேறென்ன மிஞ்சியிருக்கிறது? எதிரியைவிட நல்ல டாங்கி வைத்திருந்த படைகள்கூடத் தோற்றிருக்கின்றன. பயிற்சியும் தலைமையும் கணக்கை அந்த அளவுக்கு மாற்றிவிடுமா?” தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றினாலும், முதல் கேள்வியின் விடைக்குள்தான் இரண்டாவதன் விடையும் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பெயரளவில் மிஞ்சியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியக் கவசப் படையில் இன்றும் சிப்பாய்க்குச் ‘சவார்’ என்றுதான் பெயர். காலாட்படையின் ஹவில்தாருக்கு இங்கே தபேதார், சுபேதாருக்கு ரிசால்தார். பூனா ஹார்ஸ், டெக்கான் ஹார்ஸ் என்று ரெஜிமென்ட்களின் பெயரிலேயே குதிரை நிற்கிறது. பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ் எங்கும் இதே கதைதான். இந்தப் பெயர்களுக்கு மன உறுதி தரும் வலிமை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் போரின் போக்கைத் தீர்மானித்த மரபு வேறு.

குதிரைப்படையை நினைத்தால் நம் கண்முன் வருவது அதன் பாய்ச்சல். ஓவியங்களில் இடம்பிடித்ததும் அதுவே. படைத்தலைவர்களுக்கு அதைவிட அதிகம் பயன்பட்டது அதன் பார்வை. எதிரி எங்கே இருக்கிறான், ஆற்றை எந்தத் துறையில் கடக்கலாம், எந்தப் பாதை வண்டிகளைத் தாங்கும் என்பதையெல்லாம் ஒரு நாள் பயணத் தொலைவு முன்னே சென்று பார்த்து வந்து சொன்னவை சிறுசிறு குதிரைக் குழுக்களே. அப்படிப்பட்ட குழுவை நடத்திச் சென்றவன் பெரும்பாலும் ஓர் இளம் அதிகாரி, அல்லது அனுபவம் முற்றிய ஒரு தபேதார். கேட்டுத் தெளிந்துகொள்ள மேலதிகாரி பக்கத்தில் இருக்கமாட்டார். கண்டதை வைத்து, நின்ற இடத்திலேயே, குதிரை மூச்சு வாங்குவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். முன்னால் இருக்கும் சிறியவன் தன் கண்ணை நம்பி முடிவெடுக்கும் இந்தப் பழக்கம்தான் டாங்கிப் படைக்குக் கிடைத்த உண்மையான சொத்து. பாய்ச்சலும் கூடவே வந்தது. அதனால் நன்மையும் விளைந்தது, பேரழிவும் விளைந்தது.

பார்வையும் பாய்ச்சலும் பிரிந்துபோனால் என்னவாகும் என்பதற்கு டாங்கி பிறப்பதற்கு முன்பே ஒரு பாடம் கிடைத்துவிட்டது. 1854 அக்டோபர் 25 அன்று கிரைமியாவின் பாலக்லாவாவில், குன்றின்மேல் நின்ற பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ராக்லன் பிரபு, கைப்பற்றிய பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துச் செல்வதைக் கண்டு, அதைத் தடுக்கும்படி எழுத்தில் உத்தரவு அனுப்பினார். அவருக்குத் தெரிந்த பீரங்கிகள் கீழே பள்ளத்தாக்கில் நின்ற குதிரைப்படைத் தளபதி லூக்கனின் கண்ணுக்குத் தெரியவில்லை. எந்தப் பீரங்கி என்று அவர் கேட்டபோது, உத்தரவைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் பொதுவாகக் கையை வீசிக் காட்டினார். விளைவு, ஏறக்குறைய 670 குதிரை வீரர்கள் பள்ளத்தாக்கின் மறுகோடியில் இருந்த வேறொரு பீரங்கி வரிசையை நோக்கிப் பாய்ந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வீரத்தில் குறையில்லை, ஒழுங்கிலும் குறையில்லை. உத்தரவு இட்டவரின் நோக்கம் கீழே இருந்தவருக்குப் புரியவில்லை, கீழே இருந்தவரின் பார்வை எவ்வளவு குறுகியது என்பது மேலே இருந்தவருக்குத் தோன்றவில்லை. தலைமை பற்றிய பாடங்களில் இதைவிடச் சுருக்கமான ஒன்று எனக்குத் தெரியாது.

டாங்கி 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸின் சோம் போர்முனையில் முதன்முதலாக இறங்கியபோது அதை யாரும் குதிரைக்கு மாற்றாகக் கருதவில்லை. முள்கம்பியை நசுக்கி, இயந்திரத் துப்பாக்கியைத் தாங்கி, காலாட்படைக்கு வழி திறக்கும் கருவி அது. திறந்த வழியில் நுழைந்து விரட்டிச் செல்வது குதிரைப்படையின் வேலை என்றே திட்டமிட்டார்கள். 1917 நவம்பர் 20 அன்று காம்ப்ரேயில் 400-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் டாங்கிகள் ஒரே காலையில் பல கிலோமீட்டர் ஆழத்துக்கு ஜெர்மானிய அரணைப் பிளந்தன. பின்னால் குதிரைப்படை டிவிஷன்கள் காத்திருந்தன. கால்வாய்ப் பாலம் ஒன்று டாங்கியின் பாரத்தில் உடைந்து விழுந்தது. முன்னணிச் செய்தி பின்னே போய்ச் சேர்ந்து, உத்தரவு திரும்பி வருவதற்குள் பகல் முடிந்துவிட்டது. கனடாவின் ஃபோர்ட் கேரி ஹார்ஸ் ரெஜிமென்டைச் சேர்ந்த ஒரு ஸ்குவாட்ரன் (ரெஜிமென்டின் ஒரு பிரிவு) மட்டும் மறுகரைக்குச் சென்று தனியே சிக்கிக்கொண்டது. பத்து நாளில் ஜெர்மானியர்கள் எதிர்த்தாக்குதல் தொடுத்து, இழந்த நிலத்தில் பெரும்பகுதியை மீட்டார்கள். வழி திறக்கும் இயந்திரம் கிடைத்துவிட்டது. திறந்த கணத்தில் முடிவெடுக்கும் ஆள் முன்னால் இல்லை, இருந்தாலும் அவனுக்குப் பேச வழியில்லை.

அந்தப் பேச்சு வழியை உருவாக்கியவர்களே 1940-இல் வென்றார்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடி விடை பிரான்ஸில்தான் கிடைக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் ‘சார் பி1 பிஸ்’ டாங்கி கனத்த கவசம் கொண்டது; 1940 மே 16 அன்று ஸ்டோன் என்ற சிற்றூரில் கேப்டன் பியேர் பில்லோத்தின் டாங்கி ஒன்றே 13 ஜெர்மன் டாங்கிகளை அழித்து, தன்மீது பட்ட சுமார் 140 குண்டுகளையும் தாங்கிக்கொண்டு திரும்பியது. ஜெர்மானியரிடம் மொத்தம் இருந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவை பான்சர் 1, பான்சர் 2 என்ற இலகுரக டாங்கிகள். கவசத்தையும் பீரங்கியையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பிரான்ஸ் தோற்றிருக்கக் கூடாது.

ஆனால் பிரெஞ்சு டாங்கியின் சுழல்கோபுரத்துக்குள் ஒரே ஒருவர்தான் இருந்தார். கமாண்டராகிய அவரே எதிரியைத் தேட வேண்டும், குண்டை ஏற்ற வேண்டும், குறிபார்க்க வேண்டும், சுட வேண்டும், ஓட்டுநருக்கு வழி சொல்ல வேண்டும். சில டாங்கிகள் கொண்ட ‘ட்ரூப்’ என்ற சிறு பிரிவின் தலைவராகவும் இருந்தால் மற்ற டாங்கிகளையும் நடத்த வேண்டும். பல டாங்கிகளில் வானொலியே இல்லை, கொடியசைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். ஜெர்மானியர்களின் பான்சர் 3, பான்சர் 4 இரண்டிலும் கோபுரத்தில் மூவர்: கமாண்டருக்குப் பார்ப்பதும் முடிவெடுப்பதும் மட்டுமே வேலை. முதல் உலகப்போரில் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் பணியாற்றிய ஜெர்மானியத் தளபதி குடேரியன், டாங்கிகளுக்கு வானொலி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதன் பலன் இங்கே தெரிந்தது. மே 13-இல் செடானில் ஆற்றைக் கடந்தவர்கள் மே 20-இல் கடற்கரையை எட்டிவிட்டார்கள். சோவியத் நாட்டின் டி-34 டாங்கிக்கும் தொடக்கத்தில் இதே குறை இருந்தது. கமாண்டரே பீரங்கியையும் இயக்கினார். 1944-இல் வந்த டி-34-85-இல்தான் மூவர் அமரும் கோபுரம் கிடைத்தது. டாங்கியை வடிவமைக்கும்போதே, உள்ளே இருக்கும் தலைவனுக்குச் சிந்திக்க எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்து வடிவமைத்துவிடுகிறோம்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். வெளியே இருப்பவர்கள் இதைக் குறைத்து மதிப்பிடுவது இயல்பு, ஏனெனில் டாங்கிப் பயிற்சியின் பெரும்பகுதி பார்ப்பதற்குச் சலிப்பூட்டும். நால்வர் கொண்ட குழுவை எடுத்துக்கொள்ளுங்கள்: கமாண்டர், கன்னர், லோடர், டிரைவர். கமாண்டர் இலக்கைக் கண்டதும் எந்தக் குண்டு, எந்தத் திசை, எவ்வளவு தூரம், என்ன இலக்கு என்று வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். லோடர் ஏற்றிவிட்டதாகக் குரல் கொடுப்பார், கன்னர் இலக்கைக் கண்டுவிட்டதாகச் சொல்வார், பிறகுதான் சுடும் உத்தரவு. சொற்களும் வரிசையும் மாறவே கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் இரைச்சலிலும் புகையிலும் அச்சத்திலும் காது பாதிதான் கேட்கும். மீதியைப் பழக்கம் நிரப்ப வேண்டும். இரண்டு டாங்கிகள் ஒன்றையொன்று ஒரே நேரத்தில் கண்டுகொண்டால், சில வினாடி முந்திச் சுடுபவன் பிழைப்பான். நூற்றுக்கணக்கான முறை சலிக்கச் சலிக்கச் செய்த ஒத்திகை இந்தச் சில வினாடிகளுக்காகத்தான்.

அதைவிட நுட்பமானது நிலத்தைப் படிக்கும் கலை. மேடு ஒன்றை அணுகும் டாங்கி அதன் உச்சிக்கு ஏறி நின்றால் அடுத்த நிமிடம் எரியும். பழகிய குழு மூன்று படிகளில் ஏறும். முதலில் கோபுரத்திலிருந்து எட்டிப் பார்க்கும் கமாண்டரின் கண் மட்டும் மேட்டுக்கு மேலே தெரியுமளவுக்கு வந்து நின்று நோட்டம் பார்க்கும். இலக்கு கிடைத்தால், பீரங்கி மட்டும் மேட்டைத் தாண்டும் அளவுக்கு இன்னும் சிறிது முன்னேறி, உடலை மறைத்தபடியே சுடும். இரண்டொரு குண்டுக்குப் பின் பின்வாங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, வேறோர் இடத்தில் தலைகாட்டும். இது டிரைவரின் கால் செய்யும் வேலை. ஒரு முழம் கூடினாலும் குறைந்தாலும் பயனில்லை. ஆகவே டிரைவரும் கன்னர் இருக்கையில் அமர்ந்து பழக வேண்டும், லோடரும் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் காயப்பட்டால் இன்னொருவர் இடத்தை நிரப்புவதற்காக மட்டும் இதைச் செய்வதில்லை. அடுத்தவருக்கு எது தேவை என்பது அவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

பராமரிப்பும் பயிற்சியே. 1943 ஜூலையில் ரஷ்யாவின் கூர்ஸ்கில் ஜெர்மானியர்கள் சுமார் 200 புதிய பாந்தர் டாங்கிகளைக் களமிறக்கினார்கள். பழுதாலும் கண்ணிவெடியாலும் சில நாட்களிலேயே அவற்றில் மிகச் சிலவே ஓடும் நிலையில் எஞ்சின. புதிய இயந்திரம், அதைப் பழக நேரம் கிடைக்காத குழுக்கள். இரவெல்லாம் ஓடிவந்த பிறகு தூக்கத்துக்கு முன்னால் சங்கிலிப் பட்டையின் இறுக்கத்தைச் சோதிக்கும் தபேதார் எந்தப் பதக்கமும் பெறமாட்டார். மறுநாள் காலையில் எத்தனை டாங்கி புறப்படும் என்பதைத் தீர்மானிப்பவர் அவர்தான்.

இதன் பலனை 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் பார்க்கலாம். பாகிஸ்தானின் முதல் கவச டிவிஷனிடம் அமெரிக்கப் பாட்டன் டாங்கிகள் இருந்தன. அக்காலத்துக்கு மிக நவீனமானவை. இந்தியத் தரப்பில் பழைய ஷெர்மன்கள், இலகுரக ஏஎம்எக்ஸ்-13கள், மூன்றாவது கேவல்ரியின் சென்சூரியன்கள். பின்வாங்கிய நான்காவது மலை டிவிஷன் அசல் உத்தர் என்ற ஊரில் அரண் அமைத்துக்கொண்டது. கால்வாய் நீரைத் திறந்து வயல்களைச் சேறாக்கினார்கள். பிரிகேடியர் தியாகராஜின் கவசப் பிரிகேடு கரும்புத் தோட்டங்களில் மறைந்து, எதிரி நுழைவதற்கு ஒருபக்கம் திறந்த லாட வடிவில் காத்திருந்தது. பாட்டனின் தொலைவுமானி இரு கண்களின் பார்வையையும் இணைத்து இயங்கும் நுட்பமான கருவி. நன்கு பழகியவன் கையில் அற்புதம், பழகாதவன் கையில் வீண் தாமதம். உயர்ந்த பயிருக்கிடையே சில நூறு மீட்டரில் திடீரென எதிர்ப்படும் இலக்குக்கு, கண்மதிப்பில் தூரத்தைக் கணித்து உடனே சுடும் சென்சூரியன் கன்னரின் எளிய முறையே போதுமானதாக இருந்தது. செப்டம்பர் 8 முதல் 10 வரை நடந்த சண்டையில், இந்தியக் கணக்கின்படி, 97 பாகிஸ்தான் டாங்கிகள் அழிக்கப்பட்டன அல்லது கைப்பற்றப்பட்டன. ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பற்ற பீரங்கியோடு டாங்கிகளை எதிர்கொண்டு உயிர்நீத்த அப்துல் ஹமீது காலாட்படைக்காரர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். வேவு பார்க்காமல், காலாட்படையை முன்விடாமல் வரும் டாங்கி ஒரு ஜீப்புக்கும் இரையாகும்.

பாய்ச்சல் என்ற மரபு கேடாக முடிந்த இடங்களைச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் குதிரைப்படைக்குப் பாடிய வாழ்த்தாகிவிடும். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் கவசப் படைகள் பின்வாங்கும் ஜெர்மன் டாங்கிகளை மீண்டும் மீண்டும் துரத்திச் சென்று, அவற்றின் பின்னே மறைந்திருந்த 88 மில்லிமீட்டர் பீரங்கிகளின் வாயில் விழுந்தன. எதிரியைக் கண்டால் விரட்டு என்ற ஊறிப்போன மனப்பான்மை ஒரு காரணம். அவர்களுடைய டாங்கிகளில் இருந்த ‘2 பவுண்டர்’ என்ற சிறு பீரங்கிக்கு வெடித்துச் சிதறும் வகைக் குண்டு தரப்படாததால் தொலைவில் மறைந்திருக்கும் பீரங்கிக் குழுவைத் தாக்க வழியில்லாமல் போனது இன்னொரு காரணம். எனவே பழியை முழுவதும் மனப்பான்மையின்மேல் போடுவது நியாயமாகாது. இஸ்ரேலின் கதையில் அந்தச் சலுகைக்கு இடமில்லை. 1967 வெற்றியின் மயக்கத்தில் டாங்கி மட்டுமே போதும் என்று நம்பினார்கள். 1973 அக்டோபர் 8 அன்று சினாயில் காலாட்படையும் பீரங்கித் துணையும் போதாமல் பாய்ந்த டாங்கிகளை, எகிப்தியக் காலாட்படை தோளில் சுமந்து வந்த ஏவுகணைகள் எரித்தன. வெற்றி சில வேளைகளில் தோல்வியைவிட மோசமான ஆசிரியர்.

தலைவன் எங்கே இருக்க வேண்டும் என்பது கவசப் படையில் தீராத வழக்கு. முன்னணியில் இருந்தால்தான் வாய்ப்பைக் காண முடியும். ஆனால் முன்னணியில் தொலைந்தும் போகலாம். 1941 நவம்பரில் வட ஆப்பிரிக்காவின் ஜெர்மானியத் தளபதி ரோமல் எகிப்திய எல்லைக்குத் தானே படையை நடத்திச் சென்று சில நாட்கள் தன் தலைமையகத்தின் தொடர்பிலிருந்தே விலகிப்போனார். டோப்ருக் அருகே நிலைமை மோசமானபோது, தலைமையகத்தில் இருந்த லெப்டினன்ட் கர்னல் வெஸ்ட்ஃபால் தம் பொறுப்பில் ஒரு கவச டிவிஷனைத் திருப்பி அழைத்தார். முன்னின்று நடத்துவதைப் புகழ்பவர்கள், தலைவர் இல்லாதபோதும் சரியாக முடிவெடுத்த அந்தத் தலைமையகத்தையும் புகழ வேண்டும் என்பேன். டாங்கி, ட்ரூப், ஸ்குவாட்ரன் அளவிலோ வழக்கே இல்லை. 1973-இல் கோலான் மேட்டில் இஸ்ரேலிய கமாண்டர்கள் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டியே சண்டையிட்டார்கள். உள்ளிருந்து சிறு கண்ணாடி வழியே காண்பதைவிட அதிகம் தெரிந்ததால் பலமடங்கு பெரிய சிரியப் படையைத் தடுக்க முடிந்தது. அதற்கு விலையாக, இறந்தவர்களில் கமாண்டர்கள் பெரும் பங்கு.

1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் ஆற்றங்கரையில், கண்ணிவெடி அகற்றும் வேலை முடியும் முன்பே பூனா ஹார்ஸின் டாங்கிகள் கடந்து சென்றன. ரெஜிமென்டின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஹனுத் சிங், எந்த டாங்கியும் பின்வாங்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். அதிகாரியாகி ஆறே மாதமான 21 வயது அருண் கேத்ரபால், தம் சென்சூரியன் எரியத் தொடங்கியதும் வெளியேறும்படி வானொலியில் வந்த உத்தரவை, பீரங்கி இன்னும் சுடுகிறது என்று சொல்லி மறுத்துவிட்டு, அங்கேயே போரிட்டு மடிந்தார். இதைத் தனிமனித வீரம் என்று மட்டும் படிப்பது போதாது. எந்த உத்தரவு தம் ரெஜிமென்டின் நோக்கத்தோடு இசைகிறது, எது இசையவில்லை என்று அந்த இளைஞரால் நொடியில் பிரித்தறிய முடிந்தது என்றால், அந்த நோக்கம் அவர்வரை இறங்கி வந்திருக்கிறது. பாலக்லாவாவில் லூக்கன்வரைகூட அது இறங்கவில்லை.

1991 பிப்ரவரி 26 அன்று ஈராக் பாலைவனத்தில், அமெரிக்காவின் இரண்டாவது கவசக் கேவல்ரி ரெஜிமென்ட் பழைய குதிரைப்படையின் அதே வேலையில் இருந்தது: பெரும்படைக்கு முன்னே சென்று, ஈராக்கின் சிறப்புப் படையான குடியரசுக் காவல் படையைக் கண்டுபிடிப்பது. மணற்புயலில் கேப்டன் மெக்மாஸ்டரின் ட்ரூப் ஒன்பது எம்1ஏ1 டாங்கிகளோடு ஈராக்கிய நிலைகளின்மீது எதிர்பாராமல் மோதி, 23 நிமிடங்களில் 28 டாங்கிகளை அழித்தது. நிற்க வேண்டிய எல்லைக்கோடு நடுவே வந்தது. பாதிச் சண்டையில் நிறுத்தினால் எதிரி சுதாரித்துக்கொள்வான் என்று அவர் தாண்டிச் சென்றார். வெப்பக் கதிர்ப் பார்வைக் கருவி பெரிய காரணம்தான். அதற்கு இணையான காரணம், கலிபோர்னியாவின் ஃபோர்ட் இர்வினில் 1980-களில் அமெரிக்கப் படை நடத்தத் தொடங்கிய பயிற்சி முறை என்பேன். அங்கே எதிரியாக நடிப்பதற்கென்றே நிலையான படைப்பிரிவு உண்டு. நிலம் அத்துப்படியான அவர்கள், வரும் படைகளை லேசர் துப்பாக்கிகளால் பெரும்பாலும் தோற்கடிப்பார்கள். சண்டை முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று பேசுவார்கள். தளபதியின் பிழையைச் சார்ஜண்ட் எடுத்துச் சொன்னாலும் கேட்டாக வேண்டும். பதவி வரிசையில் ஊறிய படைகளுக்கு டாங்கி வாங்குவதைவிட இந்த உரையாடலை இறக்குமதி செய்வது கடினம்.

உக்ரைன் போருக்குப் பிறகு இதெல்லாம் பழங்கதை அல்லவா என்று அடுத்த கேள்வி வரக்கூடும். நெடுஞ்சாலையில் வரிசையாக வந்த டாங்கிகள் 2022 மார்ச்சில் கீவ் அருகே புரோவரியில் சிதறியது பழைய பிழையின் மறுபதிப்பே. டிரோன் வந்ததால் மாறியிருப்பது பார்வையின் இருப்பிடம். தலையை நீட்டிப் பார்த்த கமாண்டரின் கண்ணில் ஒரு பகுதி இப்போது வானத்தில் இருக்கிறது, அதன் படம் பல கிலோமீட்டர் பின்னால் உள்ள தலைமையகத்தின் திரையில் ஓடுகிறது. அங்கே அமர்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு டாங்கியையும் தாமே நகர்த்தும் ஆசை வருவது இயற்கை. ராக்லன் நின்ற குன்று இப்போது அவருடைய மேசைக்கே வந்துவிட்டது. அந்தப் படம் ட்ரூப் தலைவனின் கைக்கும் அதே நொடியில் போய்ச் சேருகிறதா, சேர்ந்தபின் முடிவு அவனுடையதா என்பதை வைத்துத்தான் ஒரு கவசப் படையின் இன்றைய தரத்தை நான் அளப்பேன்.